மூன்றாவது ஸ்க்ரூ

நம் அம்மாக்கள் யாரும் அந்த நாளில் காரில் போனவர்கள் இல்லை. கல்யாணத்துக்கு வேன், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, மற்ற எல்லாவற்றுக்கும் பஸ். என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் ஒரு காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல. அவள் விரல்களுக்குத் தெரியும்.

சுனாமிக்கு மறுவருஷம் என்னோடு ஆறாம் வகுப்பு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த உங்களுக்கும் இது தெரியாது. ‘உங்கப்பா என்னா வேலைடி’ என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், ‘கார் மெக்கானிக். டேஷ்போர்ட கழட்டாமலே ப்ளோயர் மாத்துவாரு’ என்று கழுத்தை நிமிர்த்திச் சொல்வேன். வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் அது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவள் நான்தான் முதல்; பட்டம் வாங்கியவள், சொந்தமாகச் சம்பளம் வாங்குகிறவள் எல்லாம் நான்தான் முதல். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. அம்மாவைப் பற்றித்தான் யாரிடமும் சொன்னதில்லை. நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்து ‘அந்தக் காலத்துல’ என்று பேச்சை ஆரம்பிக்கிறார்கள். இனி யாருக்காக மறைப்பது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரம் அப்பாவின் ஷெட் இருந்தது. மேலே தகரம், பின்னால் ஒரு செங்கல் சுவர், அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கள் வீடு. எதிரில் ஒரு டீக்கடை. ஷெட்டுக்குள் நுழைந்தால் கிரீஸும் பழைய ரப்பர் பாயும் சேர்ந்த ஒரு வாசனை வரும். மழை நாளில் அதோடு ஈரச் சாக்கு வாசனையும் சேர்ந்துகொள்ளும். அப்பாவுக்குத் துணையாக அம்மாவின் தம்பி, என் மாமா, புவனகிரியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

காருக்குள் காற்றை ஊதுகிற மோட்டாருக்குத்தான் ப்ளோயர் என்று பெயர். ஏசி போட்டால் குளிர்ந்த காற்று, ஹீட்டரைத் திருப்பினால் சூடான காற்று, இரண்டையும் ஊதுவது அதுதான். வெயில் காலத்தில் அது கெட்டுப்போனால் நம் ஊர்க்காரர்கள் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டிவிடுவார்கள். ஐப்பசி மழையில் அது முடியாது. ஜன்னலை ஏற்றினால் உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சிலேயே முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டிவந்து, ‘எதிர்ல லாரி வர்றது கூட தெரியலிங்க’ என்று ஷெட்டில் நிறுத்துவார்கள். எங்களுக்கு மழைக்காலம்தான் ப்ளோயர் காலம்.

பழைய கார்களில் அந்த மோட்டார் இடது பக்கம், டேஷ்போர்டின் சின்னப் பெட்டிக்குப் பின்னால் தொங்கும். மூன்று ஸ்க்ரூ. இரண்டு, கீழே படுத்துப் பார்த்தால் தெரியும். மூன்றாவது, மோட்டாருக்குப் பின்புறம், இன்ஜினை மறைக்கும் தகரத்தை ஒட்டி இருக்கும். அதை யாரும் பார்க்க முடியாது. கம்பெனியில் முதலில் ப்ளோயரை மாட்டிவிட்டு அதற்குமேல்தான் டேஷ்போர்டைப் பொருத்துவார்களாம். ஆகவே முறைப்படி மாற்ற வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கழற்றி, மீட்டரைக் கழற்றி, டேஷ்போர்டையே வெளியே இழுக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அதுவும் வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும். திரும்ப மாட்டினால் கார் ஓடும்போதெல்லாம் கடகடவென்று ஆடும்.

அப்பாவின் கை மணிக்கட்டுக்கு மேல் உள்ளே போகாது. மாமாவின் கை அதைவிட மொத்தம். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன அம்மா, அப்பா காருக்குள் தலைகீழாகக் கிடந்து திட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “நான் வேணா கைய உட்டுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

“ஆமா, இங்க ஊறுகாய் ஜாடி வச்சிருக்கு, உட்டு எடு,” என்றார் அப்பா.

மாமாதான், “உடட்டும் மச்சான். அக்கா கை, அடுப்பு இடுக்குல உழுந்த கடுக எடுக்குற கை,” என்றார்.

அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவி, காரின் தரையில் ஒருக்களித்துப் படுத்து, அப்பாவின் சின்ன ஸ்பேனரோடு கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே எடுத்தபோது அவள் விரல் இடுக்கில் அந்த ஸ்க்ரூ இருந்தது.

அது எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் நடந்தது. நான் பார்க்க ஆரம்பித்தபோது அது ஒரு ஏற்பாடாகவே ஆகியிருந்தது. இரண்டு ஸ்க்ரூவை அப்பா கழற்றுவார். பிறகு காரைச் சுவரோரமாக ஒட்டி நிறுத்தி, சாலைப் பக்கம் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டுவார்கள். மாமா காரின் சொந்தக்காரரை எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போவார். அப்பா என்னிடம், “அம்மாவ வரச் சொல்லு,” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். அம்மா பின்வாசல் வழியாக வருவாள். வேலையை முடித்துவிட்டு அதே வழியாகப் போய்விடுவாள். கார்க்காரர் திரும்பி வரும்போது அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ப்ளோயர் ‘உய்ங்’ என்று ஊதும். “கழட்டாமலே எப்படிங்க?” என்று அவர்கள் கேட்டால், “அது தொழில் ரகசியம்ங்க,” என்று சிரிப்பார்.

அவளுக்காக அப்பா ஓர் எட்டு நம்பர் ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, முனையை அரம் வைத்துத் தேய்த்து, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு தரம் கால் சுற்று மட்டுமே திருப்ப முடியும். அது கையிலிருந்து நழுவி உள்ளே விழாமல் இருக்க அதில் கோத்த ஒரு பச்சை நூலை மணிக்கட்டில் கட்டிக்கொள்வாள். அப்பாவுக்கு அம்மாமேல் அக்கறை இல்லை என்று நான் சொன்னால் அது பொய். மூலைகளில் விரல் படாமலிருக்க அந்த ஸ்பேனரை அவர் அரைநாள் உட்கார்ந்து தேய்த்ததை மாமா சொல்லியிருக்கிறார்.

தகர விளிம்புகள் எப்படியும் கையைக் கீறும். கீறலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொள்வாள். தெருக்குழாயில் பெண்கள் கேட்பார்கள்.

“என்னாடி இது, கையெல்லாம் கோடு கோடா?”

“பூன பெறாண்டிடுச்சிக்கா.”

“உங்க வூட்ல ஏதுடி பூன?”

“அதான், வேத்து ஆளுன்னு பெறாண்டிடுச்சி.”

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். எங்கள் வீட்டில் பூனையே வளர்த்ததில்லை.

நான் ஆறாவது படித்த அந்த மழைக்காலத்தில் வந்த கார்கள் சில இன்னும் கண்முன்னே நிற்கின்றன. திட்டக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய காரில் ப்ளோயர் நின்றதோடு ஹீட்டரும் ஒழுகி, காலடிப் பாயெல்லாம் இனிப்பு வாசனையடிக்கும் பச்சைத் தண்ணீர். நம் ஊரில் ஹீட்டர் ஒழுகினால் யாரும் புதிது போடமாட்டார்கள். அதற்கு இன்ஜினிலிருந்து வெந்நீர் போய்வரும் இரண்டு ரப்பர் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வேலை முடிந்தது. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கடையிலிருந்து சீக்கிரமே திரும்பி, தார்ப்பாய்க்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

“புதுசு போடுங்க. ஊட்டிக்குப் போறப்ப வேணும்.”

“எப்ப போறீங்க?” என்றார் அப்பா.

“பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் எல்லாரும் போறதா இருக்கோம்.”

“கல்யாணம் எப்ப?”

“பொண்ணுக்கு ஒம்பது வயசு ஆவுது. பாக்கணும்.”

தார்ப்பாய்க்குப் பின்னால் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது எனக்குத் தெரியும். பக்கத்தில் நான்தான் அவள் வளையல்களை வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு கார் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்தது. மீன் வியாபாரி ஒருவருடையது. கடல் உள்ளே வந்த நாளில் வீட்டு வாசலில் நின்றிருந்த கார். ஏறக்குறைய ஒரு வருஷமாக அதை யாரும் தொடவில்லை. இப்போதுதான் ஓட்ட நினைத்திருக்கிறார். அம்மா கையை உள்ளே விட்டவள், வழக்கத்தைவிட அதிக நேரம் அப்படியே கிடந்தாள். மோட்டார் வெளியே வந்தபோது அதோடு மணலும் கொட்டியது. வெள்ளை மணல், நடுவில் சிப்பித் துண்டுகள். மாமா துடைப்பத்தை எடுத்தார்.

“இருடா,” என்றாள் அம்மா. “கேட்டுட்டுக் கொட்டு.”

“மண்ணத்தான அக்கா?”

“அவுங்க வூட்டுல யார் யார் போயிருக்காங்களோ. கேளு.”

மாமா மணலைச் செய்தித்தாளில் மடித்து டீக்கடைக்குக் கொண்டுபோனார். அந்த மனிதர் எழுந்து வந்து ஷெட் வாசலில் நின்று அதைப் பிரித்துப் பார்த்தார். “கொட்டிடு தம்பி. எங்க வூட்டுல இது நெறைய கெடக்கு,” என்றார். பிறகு, “கேக்கணும்னு யாருக்குத் தோணுச்சி?” என்று கேட்டார்.

“எனக்குத்தாங்க,” என்றார் அப்பா.

அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் அம்மா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

கார்த்திகை மாதம் சிதம்பரத்துக்காரர் ஒருவர் வந்தார். சிதம்பரத்தில் கார் ஏசி கடை வைத்திருந்தவர். தன் கடைக்கு வந்த ஒரு பழைய காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். காரின் சொந்தக்காரர் கோயிலைச் சுற்றி இருக்கும் வீதியில் குடியிருப்பவர். டேஷ்போர்டில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

“கடலூர்ல ஒருத்தர் கழட்டாமலே மாத்துறார்னு சொன்னாங்க. நம்பல. அதான் நேர்லயே பாத்துட்டுப் போவலாம்னு,” என்றார்.

“நீங்க வாங்க சார், ஒரு டீ சாப்புடலாம்,” என்று மாமா குடையை விரித்தார். சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது.

“இந்த மழையிலயா? டீய இங்க கொண்டாரச் சொல்லுங்க.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தார்ப்பாயைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே உள்ளே வந்து படுத்துவிட்டிருந்தாள். மூவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்போது அடித்த காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து தூக்கியது. கார்க் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, மெட்டி போட்ட இரண்டு கால்களைச் சிதம்பரத்துக்காரர் பார்த்துவிட்டார்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. சிதம்பரத்துக்காரரோ குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா கண்ணை மூடி ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருந்ததால் அவரைக் கவனிக்கவில்லை. வெளியே வந்து நிமிர்ந்தபோது எதிரில் ஓர் அந்நிய மனிதர். பதறித் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் அவர். அப்பாவிடம் திரும்பி, “இந்தக் கைய வச்சிக்கிட்டு ஏங்க ஒளிஞ்சி ஒளிஞ்சி செய்றீங்க? எங்க கடைக்கு அனுப்புங்க. வாரத்துல மூணு நாள் வந்தா போதும். காலைல பஸ் ஏத்தி விட்டா சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். மெக்கானிக்குனே பேர் போட்டு சம்பளம் தரேன்,” என்றார்.

“யோசிச்சி சொல்றேங்க,” என்றார் அப்பா. எவ்வளவு மரியாதையாகச் சொன்னாரோ அவ்வளவு கோபம் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் முதலில் பேசியது அம்மாதான்.

“அவுரு சொன்னத யோசிச்சீங்களா?”

“யோசிக்க என்னா இருக்கு?”

“மூணு நாள்தான. இவளும் பள்ளிக்கூடம் போயிடுறா.”

“பொண்டாட்டிய காருக்குள்ள படுக்க வச்சி சோறு திங்கிறான்னு ஊரு பேசும்.”

“இத்தினி நாளா எங்க படுத்திருந்தேன்?”

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். “அது நம்ம ஷெட்டு. நாலு பேரு கண்ணு படல.”

மாமா தலையைக் குனிந்துகொண்டே, “மச்சான் சொல்றதும் ஒரு விதத்துல சரிதான்க்கா. ஆம்பளைங்க வேல செய்யிற எடம்,” என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில், அவர் மறுசோறு கேட்காமல் எழுந்துவிட்டார்.

அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னிடம், “மெக்கானிக்குன்னு பேர் போட்டுன்னு சொன்னாரு இல்ல?” என்று மட்டும் கேட்டாள். ‘ஆமாம்மா’ என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேண்டுதல். அப்பாவுக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கோயிலில் கூட்டம். தரிசனம் முடிந்து, தெற்கு வீதிப் பக்கம் வெளியே வந்ததும் அம்மா பஸ் நிலையத்துக்குப் போகிற வழியை விட்டு ஒரு சின்னத் தெருவில் திரும்பினாள். யாரிடமோ விசாரித்துவைத்திருக்கிறாள். சிதம்பரத்துக்காரரின் கடைக்கு எதிரே, ஒரு மூடிய கதவின் நிழலில் போய் நின்றாள். கையில் பிரசாத இலை.

கடையில் இரண்டு பேர் ஒரு காரின் டேஷ்போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்கதவுகள் திறந்திருந்தன. டேஷ்போர்டு வெளியே வந்ததும் உள்ளே எல்லாம் தெரிந்தது. கம்பிக் கட்டுகள், கறுப்புக் குழாய்கள், நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடு, இடது ஓரத்தில் உருண்டையாக ப்ளோயர்.

அம்மா தெருவில் பாதி தூரம் தாண்டிப் போய்விட்டாள்.

“அங்க பாரு,” என்றாள். “அதான் மூணாவது. அங்கதான் இருக்கு. நான் இன்னும் உள்ளன்னு இல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!” அவள் வலது கை தானாக உயர்ந்து, காற்றில் வளைந்து, விரல்கள் எதையோ தடவின. “இங்க தகரம். இப்டி திரும்புனா ஒரு ஒயரு. அதுக்குக் கீழ... பாத்தியா?” முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். உள்ளே வரச் சொன்னார். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். “எப்பலேர்ந்து வர்றீங்கம்மா?” என்று கேட்டார்.

“அவுங்கள கேட்டுட்டு சொல்றேங்க.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் மறுநாள் அப்பாவுக்கு போன் செய்தார். “உங்க வூட்டம்மா வந்திருந்தாங்க. கடையெல்லாம் பாத்தாங்க. எப்ப அனுப்புறீங்க?” அப்பா அந்தப் பேச்சை ஷெட்டில் நான்கு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

“எம் மூஞ்சில கரிய பூசிட்ட,” என்றார் வீட்டுக்கு வந்து.

“என்னா பண்ணேன்? நின்னு பாத்தேன்.”

“எதுக்கு நின்ன?”

“எங் கை எங்க போயிட்டு வந்துச்சின்னு பாக்க.”

பதில் இல்லாத ஆண்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். “இனிமே நீ ஷெட்டுப் பக்கமே வர வேணாம்,” என்றார்.

“கோவத்துல பேசாதீங்க மச்சான். நாளைக்கே ஒரு வண்டி வரும்,” என்றார் மாமா.

“வரட்டும். கழட்டி மாத்துறேன். ஊர்ல எல்லாவனும் அப்படித்தான் மாத்துறான்.”

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். அதுதான் எங்கள் கஷ்டம். மறுநாள் முதல் டேஷ்போர்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். கொக்கிகள் ஒடிந்தன. பசை வைத்து ஒட்டினார். ‘பள்ளத்துல எறங்குனா கடகடன்னு சத்தம் வருது’ என்று வந்து நின்றார்கள். ஒன்றிரண்டு பேர், “முன்னல்லாம் கழட்டாமலே செய்வீங்களே?” என்று கேட்டார்கள். ‘அதெல்லாம் பழைய மாடல்’ என்று சமாளித்தார். கழற்றாமல் மாற்றுகிறவர் என்பதற்காகத்தான் புதுச்சேரியிலிருந்தெல்லாம் கார் வந்தது. கழற்றி மாற்றுவதற்கு யாருக்கும் எங்கள் ஷெட் தேவைப்படவில்லை. அடுத்தடுத்த மழைக்காலங்களில் ஷெட்டில் தண்ணீர்தான் நின்றது. மாமா புவனகிரிக்குத் திரும்பி மினி வேன் ஓட்டப் போனார். பாதியாக அறுத்த அந்த ஸ்பேனரை அம்மா ஒருநாள் தேடினாள். பழைய இரும்புக்காரனிடம் போட்ட மூட்டையோடு அதுவும் போயிருந்தது.

நான் எட்டாவதில் இருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பண்ருட்டி சாலையில் இருந்த முந்திரிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். கொட்டை உடைக்கிற வேலை. அப்பா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. “எல்லா பொம்பளைங்களும்தான் போறாங்க. கூட்டத்தோட கூட்டமா போயிட்டு வரட்டும்,” என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அது கௌரவமான வேலை என்று உண்மையாகவே நம்பினார். யார் கண்ணில் படுகிறது என்பதைத்தான் அவர் பார்த்தார். கைக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம்கூட முழுதாக வருவதில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் எந்த ஆண்தான் வேறு மாதிரி நினைத்திருப்பான்?

முந்திரிக் கொட்டையின் ஓட்டில் ஒரு பால் இருக்கும். பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அம்மாவின் விரல் நுனிகள் முதலில் கறுத்தன. பிறகு உரிந்தன. பிறகு புதிதாக வந்த தோல் தடித்து, வழவழவென்று, சோப்புத் துண்டு மாதிரி ஆனது. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவாள். அதை நாங்கள் திறமை என்று நினைத்தோம். அடையாள அட்டைக்கு ரேகை எடுக்க வந்த இளைஞர், அவள் விரலைக் கண்ணாடியில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, “என்னாம்மா, ஒண்ணுமே உழமாட்டேங்குது!” என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கொட்டகைச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடை. ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்கு விடுமுறை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பா பின்வாசலில் வந்து நின்றார். என்னை அனுப்பவில்லை, அவரே வந்திருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“சிதம்பரத்துலேர்ந்து ஒரு அம்மா கார் கொண்டாந்திருக்காங்க. ரொம்பப் பழைய வண்டி. தொட்டாலே விரிசல் உழுது. கழட்டுனா திரும்ப மாட்ட முடியாது,” என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் வந்து பாக்கறியா?” என்று கேட்டார்.

அம்மா அரிசிப் பானையை ஒதுக்கி வைத்தாள். அவசரப்படவில்லை. ஆனால் எழுந்தபோது அவள் முகத்தில் என்னவோ ஓடியது. சிதம்பரத்தில், தெற்கு வீதிக்குப் பக்கத்துத் தெருவில் பார்த்த முகத்தின் ஒரு சாயல்.

“தார்ப்பாய் கட்டிட்டீங்களா?”

“வேணாம். வா.”

ஷெட் வெட்டவெளிச்சமாக இருந்தது. கார்க்கார அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “இவுங்களா செய்யப்போறாங்க? நல்லாருக்கே!” என்றார். டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். லாரி ஓட்டுநர்கள் இருவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எல்லோர் முன்னாலும் முழங்கை வரை எண்ணெய் தடவி, ஒருக்களித்துப் படுத்து, முதலில் ஸ்க்ரூவைத் தேடி வெறுங்கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நேரம் போனது. அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“கெடச்சிதா?”

“எதுவோ இருக்கு.”

“ஸ்க்ரூதான?”

“இருங்க.”

அவள் தோள் அசைந்தது. இன்னும் உள்ளே போனாள். நெற்றியில் வேர்வை வழிந்து காது வரை இறங்கியது.

“அவசரம் ஒண்ணும் இல்ல. மெல்லப் பாரு,” என்றார் அப்பா. அவர் அவளிடம் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா கண்ணைத் திறந்தாள். “ஸ்க்ரூவா, தகரமா, ஒயரான்னு...” என்று நிறுத்தினாள். “எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்குங்க. தெரியல.”

கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரல் நுனி கிழிந்து, எண்ணெயோடு ரத்தம் கலந்து மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. நான் சொல்லும்வரை அவளுக்கு அது தெரியாது. அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்பா அந்தக் கையைப் பிடித்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்துவிட்டு, வழவழவென்றிருந்த நுனிகளைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

“உடுங்க. எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் அம்மா.

“பாக்கட்டும்.”

டீக்கடை வரை கேட்கும்படி அதைச் சொன்னார். லாரிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்தாள்.

“கழட்டித்தாம்மா ஆவணும்,” என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். “பாத்துக் கழட்டுவாரு.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். வெயில் தகரத்திலிருந்து இறங்கிச் சுவருக்கு வரும்வரை அவர் அந்தக் காரைத் தொடவில்லை.